முழங்கை வலியும் விழாத எதிராளியும்

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து கல்லூரி மாணவி ஒருவர் நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கூடவே 11 விநாடி வீடியோ ஒன்றும் வந்திருக்கிறது. வயது 19. வீட்டில் தமிழ், கல்லூரியிலும் பயிற்சியிலும் மலையாளம். அப்பா சந்தையில் சுமைத் தொழிலாளி. ஒன்பதாம் வகுப்பில் ஜூடோ சேர்ந்தவர், இப்போது 52 கிலோ பிரிவில் ஆடுகிறார். வாரத்தில் மூன்று நாள் பஸ் பிடித்துப் பாலக்காடு போய்ப் பயிற்சி. மற்ற நாட்களில் வீட்டுக்குப் பின்னால் தென்னை மரத்தில் சைக்கிள் டியூபைக் கட்டி, தினம் 200 உச்சிக்கோமி.

அவருக்குப் பிடித்த த்ரோ 'மொரோத்தே சியோய் நாகே'. ஜூடோ பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன்: வலது கையால் எதிராளியின் காலரையும் இடது கையால் அவருடைய சட்டைக்கையையும் பிடித்து, சட்டெனத் திரும்பி, வலது முழங்கையை அவர் அக்குளுக்கடியில் கொடுத்து, முதுகில் ஏற்றி முன்னால் எறிவது. எறியும் கட்டம் வரை போய்ப் போய்த் திரும்பும் பயிற்சிதான் உச்சிக்கோமி. இருவரும் நிஜமாகவே மோதிப் பார்ப்பது ரண்டோரி.

இந்த த்ரோ உச்சிக்கோமியில் அழகாக வருகிறது, ரண்டோரியில் ஒருவரும் விழுவதில்லை என்பது அவருடைய முதல் குறை. நாலு மாதமாக வலது முழங்கையின் உட்பக்கத்தில் வலி, சில நாள் சுண்டுவிரல் மரத்துப்போகிறது என்பது இரண்டாவது. மாவட்டப் போட்டியில் வலிக்குப் பயந்து, இரண்டு முட்டியையும் பாயில் ஊன்றி எறியும் முறைக்கு மாறினார். இரண்டு முறையும் நடுவர் 'பொய்த் தாக்குதல்' என்று ஷிடோ என்ற தண்டனை கொடுத்துவிட்டார். ஏழு வாரத்தில் கல்லூரிகளுக்கிடையிலான போட்டி. மாஸ்டர் "கொறச்சுக்கூடி" என்கிறார், இன்னும் கொஞ்சம் போடு என்று. ஒரு கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு ஆடலாம் என்றார்களாம். பாட்டி உழிச்சிலுக்கு, அதாவது எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுவதற்கு, கூப்பிடுகிறார். "தோளில் பலம் போதவில்லை, அதனால் டம்பெல் வாங்கலாமா? வலி பழகிவிடுமா? காலில் அடியோடு ஜப்பானின் கோகா ஒலிம்பிக் தங்கம் வாங்கினாரே, நான் ஏன் கூடாது? எதைச் செய்யட்டும், டாக்டர் அக்கா?" என்று முடித்திருக்கிறார்.

யார் என்று அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன். அக்கா என்று அழைத்துவிட்டதால் 'நீ' என்றே எழுதுகிறேன்.

அம்மிணி, உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வீடியோவை முப்பது முறையாவது நிறுத்தி நிறுத்திப் பார்த்திருப்பேன். நான் விளையாட்டு மருத்துவம் பார்க்கிறவள். கல்லூரியில் மூன்று வருடம் ஜூடோ ஆடியவளும்கூட. என் வலது முழங்கை இன்றும் முழுதாக நீளாது, கடைசிப் பத்து டிகிரியில் நின்றுவிடும். உன் வயதில் உன்னைப் போலவே வலி பழகிவிடும் என்று நம்பிப் பேசாமல் இருந்ததன் மிச்சம் அது. அதனால் இந்தக் கடிதத்துக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

உன் கேள்விகளை நீ இரண்டு மூட்டையாகக் கட்டியிருக்கிறாய். ஒன்று த்ரோ விழாதது, மற்றொன்று முழங்கை வலி. முதலாவதை மாஸ்டரிடமும் இரண்டாவதை டாக்டரிடமும் கேட்க வேண்டும் என்று நினைக்கிறாய். வீடியோவைப் பார்த்தபின் எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. எதிராளி எந்தத் தவறால் விழவில்லையோ, அதே தவறால்தான் உன் கை வலிக்கிறது.

முதலில் கையைக் காட்டு

த்ரோவைப் பற்றிப் பேசும் முன் இது. வீடியோவைப் பார்த்து யாராலும் நோயைத் தீர்மானிக்க முடியாது, என்னாலும்தான். இந்த வாரத்துக்குள் எலும்பு மருத்துவரிடமோ விளையாட்டு மருத்துவரிடமோ நேரில் போ. பாலக்காட்டிலும் கோயம்புத்தூரிலும் இருக்கிறார்கள், இரண்டுமே உனக்கு ஒரு பஸ் தூரம்தான்.

அவர் எதைப் பார்ப்பார் என்று சொல்லிவிடுகிறேன், பயப்படாமல் இருக்கலாம். முழங்கையின் உட்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பிலிருந்து முன்கை எலும்புக்கு ஒரு தசைநார் ஓடுகிறது. முன்கை வெளிப்பக்கம் வளைந்து போகாமல் இழுத்துப் பிடிக்கும் கயிறு அது. கையைச் சற்றே மடக்கிவைத்து, முன்கையை மெல்ல வெளிப்பக்கம் தள்ளிப் பார்ப்பார். மூட்டு திறந்துகொள்கிறதா, வலி மட்டும்தானா என்பது அதில் தெரியும். தேவைப்பட்டால் எக்ஸ்ரே, ஸ்கேன் எழுதுவார். அந்த எலும்பு முண்டுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில்தான் சுண்டுவிரலுக்குப் போகும் நரம்பு ஓடுகிறது. கதவில் முழங்கை இடித்தால் ஷாக் அடித்த மாதிரி இருக்குமே, அந்த நரம்புதான். உனக்குச் சுண்டுவிரல் மரத்துப்போவதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கடிதத்தில் அதை ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறாய், டாக்டரிடம் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் வாரக் கணக்குப் பார்க்காதே, அன்றைக்கே போ:

- முழங்கையில் 'டக்' என்று சத்தம் கேட்டு, பிறகு உட்பக்கம் நீலம் பாரித்தால்
- மரத்துப்போனது விட்டு விட்டு வராமல் நாள் முழுக்க இருந்தால், அல்லது பேனா பிடிக்க, பூட்டுத் திறக்க விரல்களில் பலம் குறைந்தால்
- கை பாதியில் பூட்டிக்கொண்டு மடங்கவோ நீளவோ மறுத்தால்

இதைப் படிக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பதினாலு, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு அந்த இடத்து எலும்பு இன்னும் முழுதாக ஒட்டியிருக்காது. அவர்களுக்குத் தசைநார் அறுவதற்குப் பதில் எலும்பின் முனையே பிய்ந்து வரலாம். சிறுவர்கள் முழங்கை வலி என்றால் தைலம் தேய்த்து அனுப்பிவிடாதீர்கள்.

உப்புமூட்டை

தோளில் பலம் போதவில்லை என்கிறாய். 'ஷோல்டர் த்ரோ' என்ற இங்கிலீஷ் பெயர் எல்லோரையும் இப்படித்தான் ஏமாற்றுகிறது. சியோய் என்ற ஜப்பானியச் சொல்லுக்கு முதுகில் சுமத்தல் என்று பொருள். நாம் சின்ன வயதில் விளையாடிய உப்புமூட்டைதான். தம்பியை உப்புமூட்டை தூக்கும்போது என்ன செய்வாய்? முட்டியை மடக்கிக் கீழே இறங்குவாய், அவன் நெஞ்சு உன் முதுகில் ஒட்டும், பிறகு காலால் எழுந்திருப்பாய். அவன் கையைப் பிடித்துத் தோளால் இழுத்துத் தூக்க மாட்டாய்.

இன்னொரு பக்கம், ஜூடோவின் தலைமையகமான கொடோக்கானின் வகைப்பாட்டில் சியோய் நாகே இடுப்பு உத்திகளில் வராது, கை உத்திகளில் வரும். கை உத்தி என்றதும் கை பலத்தால் எறிவது என்று எடுத்துக்கொள்ளாதே. எதிராளியை நிலை தடுமாற வைத்து அந்தத் தடுமாற்றத்தைக் கடைசிவரை விடாமல் வைத்திருப்பது கைகளின் வேலை, சுமப்பது முதுகின் வேலை, தூக்குவது காலின் வேலை. ஜிகோரோ கானோ 1882-ல் தொடங்கிய இந்தக் கலையில் ஒவ்வொரு த்ரோவையும் மூன்று கட்டமாகப் பிரிப்பார்கள்: குசுஷி, சுக்குரி, காகே. நிலை குலைத்தல், உள்ளே போய்ப் பொருந்துதல், எறிதல். இது உனக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும், பெல்ட் தேர்வில் கேட்பார்கள். உன் வீடியோவில் முதல் கட்டமே இல்லை என்பதுதான் விஷயம்.

எனவே டம்பெல் வேண்டாம். உனக்குத் தூக்கிக் காட்ட ஒரு ஆசான் வீட்டிலேயே இருக்கிறார். அப்பா சந்தையில் மூட்டையை முதுகுக்கு வாங்குவதை ஒருநாள் நின்று பார். மூட்டை முதுகில் உட்காரும்வரை அவர் கால்கள் அசையாது. கைகள் மூட்டையின் காதைப் பிடித்து வழிகாட்டும், அவ்வளவுதான். கையால் இழுத்துத் தூக்கினால் இத்தனை வருடம் அவரால் அந்த வேலையில் தாக்குப்பிடித்திருக்க முடியாது.

மரம் கற்றுக்கொடுத்த தவறு

இனி வீடியோ. மூன்றாவது விநாடியில் நிறுத்தினேன். சட்டைக்கையைப் பிடித்திருக்கும் உன் இடது கை, தொடங்கும்போதே உன் இடுப்பை நோக்கிக் கீழே இழுக்கிறது. எதிராளியின் வலது கை விலாவோடு ஒட்டிக்கொள்கிறது. நீ நுழைய வேண்டிய ஒரே கதவு அந்த அக்குள். கீழே இழுத்து நீயே அதைச் சாத்திவிடுகிறாய்.

நாலாவது விநாடி. நீ திரும்ப ஆரம்பித்துவிட்டாய், ஆனால் முழங்கை நுழைய இடமில்லை. வலது கால் எதிராளியின் கால்களுக்கு நடுவே சரியாக வருகிறது. பின்னால் சுற்றி வர வேண்டிய இடது கால் பாதியிலேயே நின்றுவிடுகிறது. உன் இடுப்பு எதிராளிக்குப் பக்கவாட்டில், தொண்ணூறு டிகிரியில் நிற்கிறது. திரும்ப வேண்டியது நூற்றெண்பது. மிச்சத் தொண்ணூறை ஈடுகட்ட வலது கையை முறுக்கி இழுக்கிறாய். உன் மணிக்கட்டு பின்னால் மடிந்து, முழங்கை உன் உடம்புக்குப் பின்னால் தங்கி, முன்கை வெளிப்பக்கம் வளைவதை அந்தப் படத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். டாக்டர் தள்ளிப் பார்ப்பார் என்று மேலே சொன்னேனே, அதே திசைதான். அவர் மெதுவாக ஒரே முறை தள்ளுவார். நீ எதிராளியின் முழு எடையையும் ஏற்றித் திரும்பத் திரும்பத் தள்ளிக்கொண்டிருக்கிறாய்.

உச்சிக்கோமியில் அழகாக வருகிறதே என்றால், கூட்டாளி உனக்காக அக்குளைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறாள். ரண்டோரியில் அவள் ஏன் திறக்க வேண்டும்?

இந்தக் கீழ்நோக்கிய இழுப்பை எங்கே பழகினாய் என்று யோசித்துக்கொண்டே கடிதத்துக்குத் திரும்பினேன். "டியூபை இடுப்பு உயரத்தில் கட்டியிருக்கிறேன்" என்று நீயே எழுதியிருக்கிறாய். தினம் 200 முறை, உன் இரண்டு கைகளும் இடுப்பு உயரத்தில் இழுக்கப் பழகியிருக்கின்றன. சைக்கிள் டியூப் தடிப்பானது, இழுக்க இழுக்க இறுகும். நீ திரும்பி முடிக்கும் தருணத்தில், முழங்கை மோசமான கோணத்தில் இருக்கும்போதுதான், அது முழு வலுவோடு உன்னைப் பின்னுக்கு இழுக்கும். உன் உழைப்பில் குறையில்லை, அதை நான் மனதாரச் சொல்கிறேன். முடிச்சு போட்ட இடம்தான் தவறு.

கையை டாக்டர் பார்த்து அனுமதித்த பிறகு இப்படி மாற்று.

டியூபை உன் கண் உயரத்தில் கட்டு. தடித்த டியூப் வேண்டாம், மெல்லியதாக, எளிதில் நீளும் ரப்பராக இருக்கட்டும். இடது கை கைக்கடிகாரத்தில் மணி பார்ப்பது போல முன்னாலும் மேலேயும் போக வேண்டும். உள்ளங்கை வெளியே பார்க்க, மணிக்கட்டு கண்ணுக்கு நேரே வர வேண்டும். கூட்டாளியோடு செய்யும்போது அவள் குதிகால் பாயைவிட்டு எழுகிறதா என்று பார். அது எழும்வரை நீ திரும்பவே கூடாது. முதல் ஒரு வாரம் திரும்பாமல் இந்த ஒரு இழுப்பை மட்டும் செய். சலிப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் செய்.

வலது கை காலரை எங்கே பிடிக்கிறது என்பதும் முக்கியம். நீ கழுத்துக்குப் பின்னால் உயரத்தில் பிடிக்கிறாய். அங்கே பிடித்தால் முழங்கை அக்குளுக்கு வந்து சேர நீளம் போதாது. கழுத்தெலும்புக்குச் சற்றுக் கீழே பிடித்து, துணியைக் கொஞ்சம் தளர்த்திச் சேர்த்துக்கொள். துணி உன் முஷ்டியோடு வர வேண்டும். நுழைந்தபின் முன்கை ஏறக்குறைய நேராக நிமிர்ந்து, முஷ்டி உன் காதருகே இருக்கட்டும், கைப்பேசியைக் காதில் வைத்திருப்பது மாதிரி. மணிக்கட்டு மடியக் கூடாது. முழங்கையின் முனை எப்போதும் உன் நெஞ்சுக்கு முன்னால், ஓரக்கண்ணில் தெரிகிற இடத்தில் இருக்க வேண்டும். எந்த நொடியில் அது உன் கண்ணைவிட்டு மறைகிறதோ அந்த நொடியில் த்ரோவை நிறுத்திவிடு. இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால்கூட உன் முழங்கை பிழைத்துவிடும்.

கால்களுக்கு வா. இரண்டு பாதமும் எதிராளியின் பாதங்களுக்கு உட்பக்கம், அவர் விரல்கள் பார்க்கும் திசையையே பார்த்து நிற்க வேண்டும். உன் இடுப்பு அவர் பெல்ட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். இறங்குவது முட்டியை மடக்கி, இடுப்பை வளைத்துக் குனிந்து அல்ல. எடை முன்பாதத்தில். அவர் நெஞ்சு உன் முதுகில் ஒட்டியபின் முட்டியை நிமிர்த்து, தலையை இடப்பக்கம் திருப்பு. உன் இடது கால் பாதியில் நிற்பதற்குப் பயமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. முதுகைக் காட்டினால் பின்னாலிருந்து தூக்கிவிடுவார்களோ என்று உடம்பு தயங்கும். அரைகுறையாகத் திரும்பி நிற்பவளைத்தான் எளிதாகத் தூக்க முடியும், முழுதாகத் திரும்பி ஒட்டிக்கொண்டவளை அல்ல.

எண்ணிக்கையையும் குறை. பத்துப் பத்தாக மூன்று முறை, நடுவில் மூச்சு வாங்கும் அளவுக்கு ஓய்வு. பத்தில் ஒன்று கோணலாக வந்தால் அந்தச் சுற்றை அங்கேயே நிறுத்து. அசையாத கூட்டாளியோடு சரியாக வந்தபின், அவளைத் தள்ளிக்கொண்டு வரச் சொல். தள்ளிக்கொண்டு வருபவள்தான் சியோய்க்கு ஏற்றவள், பாதிக் குசுஷியை அவளே செய்துவிடுவாள். அவள் தள்ளவில்லை என்றால் காலை உட்புறமிருந்து வாரும் ஓஉச்சி காரியைக் காட்டிப் பின்னால் தள்ளு. அவள் விழாமலிருக்க முன்னால் சாயும்போது நுழை.

முட்டி போட்டு இறங்குவது

அது தடை செய்யப்பட்டது என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறாய். தடை இல்லை. 2022-ல் வந்த சர்வதேச விதித் திருத்தத்தில் ஷிடோ கொடுத்து நிறுத்தப்பட்டது 'ரிவர்ஸ் சியோய்' என்ற எதிர்ப்பக்கமாகச் சுழலும் வகை. இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். விதிகள் ஒலிம்பிக் சுழற்சிதோறும் மாறுவதால், போட்டிக்கு முன் உன் வயதுப் பிரிவுக்கான இப்போதைய விதியை மாஸ்டரிடம் கேட்டுவிடு.

தடை இல்லை என்பதால் நல்லது என்றும் ஆகிவிடாது. ஜப்பானில் சிறுவர் போட்டி விதிகள் இரண்டு முட்டியையும் ஒரே நேரத்தில் ஊன்றிச் சியோய் போடுவதை அனுமதிப்பதில்லை. எறிபவரின் முட்டிக்கு மட்டுமல்ல, எறியப்படுபவரின் தலைக்கும் கழுத்துக்கும் ஆபத்து. உயரம் குறைவாக இருப்பதால் அவர் சுழன்று முதுகில் விழ நேரம் கிடைக்காமல் தலைகுப்புற இறங்கிவிடலாம். உன் கூட்டாளிகளையும் நினைத்துப் பார்.

உனக்கு ஷிடோ கொடுத்த நடுவர் மேல் எனக்குக் குறையில்லை. நிலை குலைக்காமல் கீழே விழுந்தால் அது தாக்குதல் ஆகாது, தப்பித்தல். உயரமாக நின்று போடும்போது விட்டுப்போன அதே குசுஷிதான் இங்கேயும் விட்டுப்போயிருக்கிறது. நின்றபடி எறியக் கற்றபின், கடைசி ஒரு சாண் இறங்குவதற்கு முட்டியைப் பயன்படுத்திக்கொள்ளலாம். இப்போது வேண்டாம்.

கோகாவைக் கேட்டாயே. தோஷிஹிகோ கோகா 1992 பார்சிலோனாவில் 71 கிலோ பிரிவில் முட்டியில் பலத்த காயத்தோடு தங்கம் வாங்கியது உண்மை. அந்தக் காயம் போட்டிக்குச் சில நாள் முன்பு பயிற்சியில் பட்டது. இறுதிப் போட்டியை அவர் நடுவர்களின் தீர்ப்பில் வென்றார். அது ஒலிம்பிக், சுற்றிலும் மருத்துவர்கள், எந்த விலை கொடுக்கிறோம் என்று தெரிந்த வயது. உன்னுடையது நாலு மாதமாக யாரும் பார்க்காத கை. கோகாவிடம் கற்றுக்கொள்ள ஆசை என்றால் அவருடைய இப்போன் சியோய் நாகேயைப் பார். முட்டி போடாமல் நின்றபடி, கால்களால் ஆளைத் தரையிலிருந்து பெயர்த்தெடுப்பார்.

ஊசியும் உழிச்சிலும்

கிளினிக்கில் சொன்ன ஊசியின் பெயரை நீ எழுதவில்லை. வழக்கமாக இப்படிச் சொல்வது ஸ்டீராய்டு ஊசியாக இருக்கும். அதை நான் உனக்குப் பரிந்துரைக்க மாட்டேன். வலி மறையும், தசைநார் பலம் பெறாது. அந்த ஊசி தசைநாரையே பலவீனமாக்கவும் கூடும். அறுபடப்போவதைச் சொல்லும் மணியின் நாக்கைக் கழற்றிவைத்துவிட்டு ஆடுவது அது.

உனக்குத் தெரியாத இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2022 ஜனவரி 1 முதல் ஸ்டீராய்டு வகை ஊசிகள், உடம்பில் எங்கே போட்டாலும், போட்டிக் காலத்தில் ஊக்கமருந்துத் தடைப்பட்டியலில் வருகின்றன. வலிக்காகச் சாதாரணமாக எழுதித் தரும் டிரமடால் 2024 ஜனவரி 1 முதல் அதே பட்டியலில் இருக்கிறது. எடை குறைக்க யாராவது நீர் பிரியும் மாத்திரை கொடுத்தால் அது எல்லாக் காலத்திலும் தடை. "டாக்டர்தான் கொடுத்தார்" என்பது பதிலாகாது. உடம்புக்குள் போவதற்கு விளையாட்டு வீரரே பொறுப்பு. எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வாக்கியமாக "நான் போட்டிகளில் ஆடுகிறவள்" என்று சொல். உண்மையிலேயே தவிர்க்க முடியாத மருந்து என்றால் அதற்கு முறைப்படி விலக்கு கேட்க வழி இருக்கிறது.

உழிச்சிலைப் பாட்டி அன்பினால் சொல்கிறார். பாலக்காட்டில் தலைமுறை தலைமுறையாகக் களரி வீரர்களைப் பார்த்த கைகள் உண்டு, அவர்கள்மேல் எனக்கு மதிப்பு உண்டு. முதுகுக்கும் தொடைக்கும் தாராளமாக எண்ணெய் தேய்த்துக்கொள். முழங்கையின் உட்பக்கத்தை அழுத்தவோ இழுத்துச் சொடுக்கவோ மட்டும் விடாதே. அந்த நரம்பு தோலுக்கு வெகு அருகில் ஓடுகிறது.

ஏழு வாரம்

டாக்டர் மூட்டு திறக்கவில்லை, தசைநார் உறுதியாக இருக்கிறது என்று சொன்னால் ஏழு வாரம் போதும் என்றே நினைக்கிறேன். முதல் இரண்டு வாரம் வலது கையால் காலர் இழுப்பும், முழங்கையை நீட்டி அழுத்தும் ஜூஜி கதாமே பூட்டை அந்தக் கையில் வாங்குவதும் நிறுத்து. அந்த நாட்களில் கால் வேலை, தரைப் பயிற்சியில் வலி தராத பகுதி, அடிபடாமல் விழப் பழகும் உக்கேமி எல்லாம் செய்யலாம். வீட்டில் ஈரத் துண்டைப் பிழிவது, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து மணிக்கட்டை மெதுவாக மடக்கி நீட்டுவது, சுத்தியலின் பிடியைப் பிடித்து முன்கையை இருபுறமும் மெல்லத் திருப்புவது ஆகியவை அந்தத் தசைநாருக்குத் துணை நிற்கும் தசைகளைப் பலப்படுத்தும். வலி பத்துக்கு மூன்றைத் தாண்டக் கூடாது, மறுநாள் காலை முந்தைய நாளைவிட அதிகமாக இருக்கக் கூடாது. இருந்தால் ஒரு படி பின்வாங்கு. மூன்றாவது, நாலாவது வாரம் மெதுவான உச்சிக்கோமி. ஐந்தில் நகர்ந்துகொண்டு. ஆறில் தடித்த மெத்தையில் எறிவது. அதுவரை வலியில்லாமல் வந்தால் மட்டுமே ரண்டோரி.

இந்தப் போட்டிக்கு மொரோத்தேயை ஒதுக்கிவைத்துவிட்டு இப்போன் சியோய்க்கு மாறுவதையும் மாஸ்டரோடு பேசிப் பார். கால் வேலை ஏறத்தாழ அதேதான். வலது கை காலரைப் பிடிக்காமல் வெறுமனே நுழைந்து அவர் மேற்கையை இறுக்குவதால், முழங்கையின் உட்பக்கத்துக்கு அந்த முறுக்கல் பெரும்பாலும் இல்லை. எதிராளியின் இடது பக்கத்தை நீ பிடித்திருக்க மாட்டாய் என்பது அதன் குறை. ஒட்டாமல் நின்றால் பின்னாலிருந்து அணைத்துத் தூக்கிவிடுவார்.

மூட்டு தளர்ந்திருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டால் இந்த வருடப் போட்டியை விட்டுவிடு. போட்டியில் ஆடுவதற்குக் கிடைக்கும் கிரேஸ் மார்க் போய்விடுமே என்று கவலைப்படுகிறாய். கல்லூரி உடற்கல்வித் துறையில் விதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கணக்குப் போடு, பயத்தில் போடாதே. இன்னும் ஒரு வருடம் படிப்பு இருக்கிறது.

மாஸ்டரிடம் எப்படிச் சொல்வது

உன் மாஸ்டர் கெட்டவர் என்று எனக்குத் தோன்றவில்லை. நாலு மாதமாக வலிக்கிறது என்று அவருக்கு நீ இன்னும் சொல்லவே இல்லையே. "கொறச்சுக்கூடி" என்று அவர் சொல்வது வலியில்லாத மாணவியிடம். பயிற்சி தொடங்குமுன், மற்றவர்கள் வரும் முன், தனியாகப் போய்ச் சொல். டாக்டரின் சீட்டைக் கையில் கொடு. 'இன்ன இன்ன செய்யக் கூடாது' என்று மட்டும் எழுதினால் அவர் முகம் சுருங்கும். 'இவை செய்யலாம்' என்ற பட்டியலையும் டாக்டரிடம் கேட்டு வாங்கிப் போ. டியூப் விஷயத்தையும் வீடியோவையும் அவரிடமே காட்டு. எனக்கு 11 விநாடிதான் தெரியும், அவர் உன்னை வருடக்கணக்காகப் பார்க்கிறவர். நான் பார்த்தது தவறென்று அவர் சொன்னால், காரணம் கேட்டு எனக்கு எழுது.

அப்படியும் வலியோடு ஆடச் சொல்லி வற்புறுத்தினால், நீ மறுக்கலாம். உனக்கு 19 வயது. உன் உடம்புக்கு எந்தச் சிகிச்சை, எந்த ஊசி என்பதில் உன் சம்மதம்தான் செல்லும். மாஸ்டரோ அப்பாவோ கல்லூரியோ உனக்குப் பதிலாகச் சம்மதம் கொடுக்க முடியாது.

மூன்று வாரம் கழித்து இன்னொரு வீடியோ அனுப்பு. முன்னாலிருந்து வேண்டாம், உன் வலப்பக்கத்திலிருந்து, இடுப்பு உயரத்தில் போனை வைத்து, மெதுவாக எடுக்கச் சொல். கூட்டாளியின் குதிகால் படத்தில் தெரிய வேண்டும். டாக்டர் என்ன சொன்னார் என்பதையும், சுண்டுவிரல் இப்போது எப்படி இருக்கிறது என்பதையும் முதல் வரியிலேயே எழுது.